நேராகப் பறந்த கொடி

சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவே ‘சுங்கம்’ என்றுதான் அழைத்தது. அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் அவரிடம் ஓய்வு பெறவில்லை. துணைக்கு ஒரு மைத்துனர். கதவு தட்டப்படுவதற்குள் செருப்பை மாட்டிக்கொள்கிற ரகம். அன்று அந்தப் பெண் வந்து நின்றதும் பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திடீரென்று காற்று வாங்கத் தொடங்கின.

கடலோர விடுதியில், விருந்தாளிகளை மார்லின் என்ற பெரிய மீனைப் பிடிக்க அழைத்துப் போகும் படகோட்டியின் மனைவி அவள். போன வாரம் படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை.

“தானா குதிச்சிட்டார்னு சொல்றாங்கய்யா. உதவிக்குக் கூடப் போன என் தம்பியும் அதையேதான் சொல்றான்.”

“நீங்க நம்பலையா?”

“நம்புறதாலதான் வந்தேன். அன்னைக்குக் காலையில, ஒழுகுற குழாயைச் சரிபண்ணலைன்னு சண்டை. எங்கேயாவது போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன். என்னாலதானா? அது மட்டும் தெரியணும்.”

தெரு ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. தெருவுக்கு விசாரணை தேவைப்படுவதில்லை.

அன்று படகில் போன விருந்தாளி இன்னும் விடுதியில் தங்கியிருந்தார். அவருக்கு இரண்டு துக்கங்கள், பெரியது மீனுக்கானது.

“ஈட்டி மாதிரி மூக்கு, சார். அப்படி ஒரு மார்லினைப் பார்த்ததே இல்லை. படகோட்டி அதை அவிழ்த்து விட்டார். கையுறையைக் கழட்டி வெச்சார், மீன் படம் போட்ட கொடியை ஏத்தினார். நான் தண்ணி குடிக்கத் திரும்பினேன், தொபீர்னு சத்தம்.”

படகுத்துறையில் மைத்துனர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “அத்தான், மத்த படகுக் கொடியில எல்லாம் மீன் மல்லாந்து கிடக்கு. இதுல மட்டும்தான் ஒழுங்கா நீந்துது.”

சுங்கம் சிரிக்கவில்லை. படகின் பின்பக்கம் ஒற்றைக் கையுறை கிடந்தது. உள்பக்கம் வெளியே புரண்டிருந்தது. அதன் ஜோடியை அவர் தேடினார், இல்லை.

தூண்டில் கழிகள் மாட்டிய விடுதி அறையில் அந்தப் பெண் உட்பட எல்லாரையும் உட்கார வைத்தார். அவள் தம்பி மட்டும் நின்றான்.

“மீனை உயிரோட விட்டா, கொடியைத் தலைகீழாக் கட்டுறது இவங்க வழக்கம். கொன்னாத்தான் நேரா. பழகின படகோட்டி இதுல தப்பு பண்ணுவாரா?”

“மனசு சரியில்லாம இருந்திருப்பார்,” என்றார் விருந்தாளி.

“இருக்கலாம். கழட்டி வெச்ச கையுறையில இன்னொண்ணு எங்கே? இருக்கிறதும் புரண்டு கிடக்கு. போட்டிருக்கிற கையை வேற யாரோ பிடிச்சு இழுத்தா அப்படித்தான் உருவிக்கிட்டு வரும்.” தம்பி பக்கம் திரும்பினார். “மீனை ஓரத்துக்குக் கொண்டுவர, தூண்டில் நரம்போட கடைசிப் பகுதியைக் கையில சுத்திப் பிடிப்பாங்க. மீன் பாய்ஞ்சு சுத்து இறுகினா ஆளையும் இழுத்துட்டுப் போயிடும். அவர் குதிக்கலை. கொடி, அவர் போன பிறகு ஏறினது. கட்டின இந்த விருந்தாளிக்கு வழக்கம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஏன் மாத்தலை?”

“யாராவது கேப்பாங்கன்னு விட்டுட்டேன்.” அவன் அக்கா பக்கம் திரும்பினான். “ஒரு கையால மச்சானைப் பிடிச்சிட்டேன் அக்கா. இன்னொரு கையில கத்தி. நரம்பை வெட்டியிருந்தா போதும். இவர், வெட்டாதே, ரெக்கார்டு மீன்னு கத்தினார். ஒரு நொடி நின்னுட்டேன். கையுறை மட்டும் கையில வந்துச்சு.”

“நான் மீனைத்தான் பார்த்தேன்,” என்றார் விருந்தாளி.

“அதைத்தான் இந்தத் தம்பியும் சொல்றார்,” என்றார் சுங்கம்.

“குதிச்சிட்டார்னு சொன்னா யாருக்கும் பழி இல்லைன்னு இவர் சொன்னார்க்கா.”

“எனக்கு வரும்னு தோணலையாடா?”

  அவளே அடுத்ததையும் கேட்டாள்.

“உன் மச்சான் கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“வெட்டுடான்னார். வெட்டுடா, வெட்டுடான்னு கத்திக்கிட்டே...”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னான். அவள் மறுபடியும் கேட்டாள்.