கொப்புளிக்காத மதியம்

இப்போதெல்லாம் யாரும் உட்கார்ந்து சுயசரிதை எழுதுவதில்லை. நினைவுவாங்கித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் சும்மா படுத்திருந்தால் போதும், நூல் தயார். படிப்பவரும் அதே தொப்பியை மாட்டிக்கொண்டு, சொன்னவர் பட்டதையெல்லாம் தானே படலாம். ஒரே ஒரு சட்டம்தான்: நூலிலிருந்து நீக்கியது தலையிலிருந்தும் நீங்கிவிடும். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சுயசரிதையில் விட்ட புளுகுக்கு இப்படியொரு கடிவாளம் தேவைப்பட்டது. நூலும் தலையும் ஒத்துப்போனால் கருவியில் பச்சை விளக்கு எரியும்.

ரெபேக்காவுக்கு எழுபத்தாறு வயது. எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளுக்குத் திண்டுக்கல் பக்கம் ஓர் இல்லம் நடத்தியவர். இன்று ஒரே ஊசியில் தீர்ந்துபோகிற அந்த நோய் அன்று ஊரையே ஒதுங்க வைத்தது. எட்டு மணி மாத்திரை மணி, கசப்புக்குச் சுளிக்கும் இருபத்திரண்டு முகங்கள், முட்டைக்கோஸ் சாம்பாரின் வாசனை, எல்லாம் நூலில் அப்படியே இருந்தன. மதியம் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலிருந்தும் அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவார். எச்சில் சோற்றால் இது தொற்றாது என்று ஊருக்குக் காட்டத்தான்.

நூலை ஓட்டிப் பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வருடம் தினமும், சாப்பிட்ட கையோடு பின்பக்கக் குழாயடிக்குப் போய் வாய் கொப்புளித்திருக்கிறார். நர்சு படிப்பு மூளைக்குச் சொன்னது வயிற்றுக்கு எட்டவில்லை. அந்தப் பயமும் அருவருப்பும் பச்சையாகப் பதிவாகியிருந்தன.

நூலில் வரும் பிள்ளைகள் பார்த்துச் சம்மதித்தால்தான் வெளியிட முடியும். சாயங்காலம் சுகிர்தா வருகிறாள். ஐந்து வயதில் பேருந்து நிலையத்தில் யாரோ விட்டுப்போன பிள்ளை. இன்று அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அம்மா தன்னைப் பார்த்து அருவருத்தாள் என்பதை அவள் எப்படித் தாங்குவாள்? குழாயடியை அடியோடு நீக்கச் சொன்னார் ரெபேக்கா. அதை ஒட்டிய நினைவுகளும் சேர்ந்தே போகும் என்று கருவி எச்சரித்தது. சனியன் தொலையட்டும் என்று விரலை வைத்தார்.

சுகிர்தா தொப்பியைக் கழற்றும்போது கண் கலங்கியிருந்தாள். மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்து மாட்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தயங்கினாள்.

"குழாயடி எங்கம்மா? அதைப் பார்க்கத்தானே வந்தேன்."

எந்தக் குழாயடி என்று ரெபேக்கா கேட்டார்.

தினமும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்று பார்த்ததைச் சுகிர்தா சொன்னாள். முதலில் கோபமாக இருந்ததாம். பிறகு பழகிவிட்டதாம்.

"ஒருநாள் என் தட்டுல எடுத்துச் சாப்பிட்டுட்டு நீங்க எந்திரிக்கவே இல்ல. அப்படியே என் பக்கத்துல உட்கார்ந்துட்டீங்க. ஜூலை பதினாலு. ஸ்கூல்ல பிறந்த தேதி கேட்டப்ப அதைத்தான் சொன்னேன். அந்த நாளை உங்க மனசுக்குள்ள இருந்து ஒருதடவை பார்க்கணும்மா."

ரெபேக்கா நினைவில் தேடிப் பார்த்தார். பிறகு அவள் கையை எடுத்து வாஞ்சையாகத் தடவினார்.

"நான் எதுக்குக் கண்ணு வாய் கொப்புளிக்கணும்? உங்களப் பார்த்து எனக்கு என்ன பயம்?"

மேசைமேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.