ஸ்ருதி இருமினால்...

சோபாவுக்குப் பின்னால் ஒரு கால் நீட்டிக் கொண்டிருந்தது.

ஆணின் கால். ஒற்றைச் சிலிப்பர். தரையில் ரத்தம்... இன்னும் காயவில்லை!

செரீனா பார்த்துவிட்டாள்.

அவள் பார்த்ததைக் கதவருகே நின்ற பாலனும் பார்த்துவிட்டான்.

'க்ளிக்!'

வாசல் இரும்பு கிரில்லில் பூட்டு விழுந்தது.

"கத்தாதீங்க மிஸ்ஸி. கத்துனா நீங்களும் அந்த அய்யாவு பக்கத்துல படுத்துக்க வேண்டியதுதான்."

அவன் கையில் பாராங் கத்தி. செரீனாவின் கைப்பேசி தண்ணீர் வாளிக்குள் போய் விழுந்தது.

செரீனா ஆராய்ச்சி நர்ஸ். மூச்சுத் திணறலோடு எமர்ஜென்சிக்கு வந்து வீடு திரும்பும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அப்புறம் என்ன ஆகிறது? அதுதான் ஆராய்ச்சி. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி. குழந்தை இருமினால் பச்சை விளக்கு எரியும். அந்த இருமலும் அடுத்த சில நொடிகளும் பதிவாகி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசுக்குப் போய்விடும்.

அங்கே டாக்டர் கார்த்திகேசு நாள் பூராவும் ஹெட்போனில் இருமல் கேட்பார். பாட்டுக் கேட்க வேண்டிய வயசு, பாவம்! திங்கட்கிழமை மீட்டிங்கில் பெட்டியைப் பற்றி ஏதோ புதுசாகச் சொன்னார். செரீனா அப்போது தே தாரேக் டீ குடிக்கப் போயிருந்தாள்.

இன்று பெட்டிக்கு பேட்டரி மாற்றக் காப்பாரில் உள்ள இந்த வீட்டுக்கு வந்தாள். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்!

பேட்டரியை மாற்றிப் பெட்டியை மேஜையில் வைத்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பாயில் கிடந்த மூன்று வயது ஸ்ருதி இருமினாள். நாய்க்குட்டி குரைப்பது போல் இருந்தது. இருமி முடித்து மூச்சை உள்ளே இழுத்தபோது 'கீச்' என்று ஒரு சத்தம்.

செரீனா ஓடிப்போய் அவளைத் தூக்கி மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"அண்ணே, தொண்டை உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு. இப்பவே ஹாஸ்பிட்டல் போகணும்!"

"போகலாம். லோரி வரட்டும். இவன ஏத்தி அனுப்பிட்டுப் போகலாம்."

"லோரி எப்ப வரும்?"

"இருட்டுனதும்."

மதியச் சாப்பாட்டு வேளையே இன்னும் முடியவில்லை!

"அது வரைக்கும் புள்ள தாங்காது அண்ணே!"

"என் அக்கா மவ அவ!" பாலன் சீறினான். "கிளாங்குல வேலைக்குப் போறப்ப அக்கா என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போகுது. எனக்கு மட்டும் வலிக்காதா? லோரியில சிகரெட் கடத்துறத போலீஸ்ல சொல்லுவேன்னான் அய்யாவு... கோவத்துல வெட்டிட்டேன் லா! இப்ப வெளிய தெரிஞ்சா எனக்குத் தூக்கு!"

முன்வாசல், பின்வாசல், ஜன்னல்... எல்லாம் கிரில். எல்லாவற்றிலும் பூட்டு. சாவிகள் ஒரே கொத்தில் அவன் இடுப்பில்.

அவனுடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான்.

ஸ்ருதி இருமினாள்.

பச்சை விளக்கு!

செரீனாவுக்குப் பொறி தட்டியது. குழந்தையோடு எழுந்து பெட்டியின் மேல் குனிந்தாள்.

"டாக்டர்! காப்பார் வீடு... கொலை..."

விளக்கு அணைந்தது.

அடுத்த இருமல். மறுபடி பச்சை.

"பூட்டிட்டான்... கத்தி வச்சிருக்கான்... போலீஸ்..."

அணைந்தது.

குழந்தை இருமக்கூடாது என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே, அது இருமாதா என்று காத்திருந்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அது என்னா லைட்டு?"

பாலன்! பின்னாலேயே நின்றான்.

"பே... பேட்டரி வேலை செய்யுதுன்னு காட்டுது அண்ணே."

முறைத்தான். ஆனால் நம்பினான்.

நேரம் நகர்ந்தது. ஸ்ருதியின் இருமல் குறைந்தது... நின்றே போனது.

பாலன் முகத்தில் நிம்மதி. "பாத்தீங்களா? நின்னுருச்சு!"

"நிக்கல அண்ணே." செரீனா குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இருமுறதுக்குக்கூட அவளுக்கு மூச்சு இல்ல. நெஞ்சப் பாருங்க... உள்ள குழியுது!"

பாலன் பார்த்தான். உதடு நீலமாகிக் கொண்டிருந்தது.

அவன் கை இடுப்புச் சாவிக்குப் போனது... சோபாவைப் பார்த்தான்... கை திரும்பி வந்தது.

அப்போதுதான் கேட்டது அந்தச் சைரன்!

வாசலில் ஆம்புலன்ஸ். ஜீவன் என்ற ஊழியர் கிரில்லைத் தட்டினார்.

"பாஸ்! கதவ தொறங்க! புள்ளைக்கு மூச்சு சரியில்லன்னு சொன்னாங்க!"

"யாருடி கூப்பிட்டா?" பாலன் பல்லைக் கடித்தான்.

"யாரா இருந்தா என்ன? தொறக்கலன்னா அவங்க போலீஸக் கூப்பிடுவாங்க."

கொஞ்சம் யோசித்தான். பாராங்கைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்தான். பூட்டைத் திறந்து, சாவிக்கொத்தோடு கிரில்லிலேயே தொங்கவிட்டு, கிரில்லைக் கொஞ்சம் திறந்தான்.

"புள்ளைய மட்டும் குடு. நீ உள்ளயே இரு."

"என் சட்டையப் புடிச்சிருக்கா அண்ணே. பிரிச்சா அழுவா. அழுதா இருக்கிற மூச்சும் போயிரும்."

பாலன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். என்ன இருந்தாலும் மாமன் அல்லவா! ஒரு கணம் கத்தி தாழ்ந்தது.

அந்த ஒரு கணம் போதும்!

செரீனா வெளியே பாய்ந்தாள். காலால் கிரில்லை உதைத்துச் சாத்தினாள். பூட்டை மாட்டி அழுத்தினாள்.

'க்ளிக்!'

பூட்டு திறந்திருந்தால் சாவி வராத ரகம் அது. பாலன் அதிலேயே விட்டிருந்த கொத்தை இப்போது உருவிக்கொண்டாள். முன்வாசல், பின்வாசல், எல்லாம் அவள் கையில்!

"ஏய்! தொறடி!" பாலன் கிரில்லைப் பிடித்து உலுக்கினான். கம்பிக்கு வெளியே வந்த பாராங் காற்றைத்தான் வெட்டியது.

ஆம்புலன்ஸில் ஸ்ருதியின் முகத்தருகே மாஸ்க். மருந்துப் புகை. ஜீவன் ஒரு கையால் போலீசுக்கு போன் போட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

பிறகு... ஸ்ருதி வீறிட்டு அழுதாள். சத்தமாக. நல்ல, முழு மூச்சோடு!

செரீனாவும் அழுதாள்.

போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பும்போது, ஜீவனின் போனை வாங்கி ஆபீசுக்கு அடித்தாள்.

"டாக்டர், தேங்க்ஸ்! நான் பேசுனதக் கேட்டு உடனே அனுப்பிட்டீங்க!"

"நீங்க பேசுனதா?" கார்த்திகேசு குழம்பினார். "திங்கக்கிழமை மீட்டிங்ல சொன்னேனே! வீட்டு ஆளுங்க பேச்சு எதுவும் பதிவாகக் கூடாதுன்னு எதிக்ஸ் கமிட்டி ஆர்டர். பேச்சு வந்தா அத மட்டும் மிஷினே அழிச்சிரும்."

கொலை, கத்தி, போலீஸ்... ஒரு வார்த்தைகூடப் போகவில்லை!

"அப்புறம் எப்படி...?"

"புள்ள இருமலக் கேட்டேன். குரைப்பு, நடுவுல இழுப்பு. உங்களுக்கு போன் அடிச்சேன், எடுக்கல. உடனே ஆம்புலன்ஸ அனுப்பிட்டேன். இதுக்குத்தானே இந்த ஆராய்ச்சி? ஆமா... இப்ப பெட்டியில வேற ஒரு இருமல் வருது. பெரிய ஆம்பள மாதிரி இருக்கு. யாரு?"

கிரில்லுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பாலன், கம்பியைப் பிடித்தபடி இருமிக் கொண்டிருந்தான்.

"அத அழிச்சிருங்க டாக்டர்," என்றாள் செரீனா. "அஞ்சு வயசத் தாண்டிட்டாரு... நம்ம ஸ்டடில சேத்துக்க முடியாது லா!"