ஓர் எண் குறைவு

தப்பு டயல்டோனுடையதுதான். ஆபீஸ் டெலிபோன்களைக் கவனிக்கும் அவன் ஓயாமல் ஒரே சுருதியில் புலம்புவதால் அங்கே அவனுக்கு அந்தப் பெயர். வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்தவேண்டும். அந்த ஒன்பதை வெட்டிவிட்டு மீதியை வெளி லைனுக்கு அனுப்புவது கேட்வே பெட்டியின் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதுப் பெட்டியை மாட்டியவன், அதையும் முதல் எண்ணை வெட்டச் சொல்லிவிட்டான். அடுத்திருந்த பழைய பெட்டியும் வெட்டிக்கொண்டிருந்தது சுத்தமாக மறந்துபோயிற்று.

பிறகு சோதனை அழைப்பு என்ற சாக்கில், பத்து வருஷப் பழக்கப்படி, கம்பெனி செலவில் வீட்டுக்குப் பேசினான். மனைவி எடுத்தாள். குரல் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது.

"இன்னொரு சாவி எங்க வச்சீங்க?"

"மீட்டர் பெட்டி மேல. எத்தனை தடவை சொல்றது?"

"பாப்பாவை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா? எலிக்குட்டின்னுதான்."

"இன்னொரு தடவை கூப்பிடுங்க. பாப்பாவைக் கூப்பிடற மாதிரியே."

கூப்பிட்டான். லைன் கட்டானது. சோதனைத் தாளில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று மணிக்கு மேனேஜர் பாய்ந்தார். "ஒரு மணியிலேருந்து வெளிய ஒரு போன் காலும் போகலய்யா! என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

"நான் வீட்டுக்கே பேசினேன் சார்."

"கனவுலயா?"

தன்னைத்தானே திட்டிக்கொண்டு மெஷின் அறைக்குள் போனான். சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், தூசி மண்டிய விசிறிகளின் முனகலும், அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் நடுநடுவே அந்த முனகல் நின்று நின்று தொடர்வதும் அவன் எரிச்சலைக் கூட்டின. அழைப்புப் பதிவுகளைத் திறந்தான். புதுப் பெட்டி ஒன்பதை வெட்டியிருந்தது. பழையது அவன் வீட்டு நம்பரின் முதல் எண்ணை வெட்டியிருந்தது. மிச்சம் ஓர் எண் குறைவு. அப்படி ஒரு நம்பரே கிடையாது. மற்ற அழைப்புகள் எல்லாம் அப்படித்தான் திரும்பி வந்திருந்தன.

அவனுடையது மட்டும் திரும்பவில்லை. பேசிய நேரம் நான்கு நிமிடம்.

செல்லை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க?"

"மத்தியானம் நான் உங்கிட்ட பேசினேனா?"

"இல்லையே. ஏன்?"

"தாழ்ப்பாள் போடு. உடனே!"

"ஏன் கத்தறீங்க? இருங்க, யாரோ சாவி போட்டு..."

கதவின் கிறீச்சொலி. செருப்பு கழற்றும் சத்தம். பிறகு அவனுடைய சொந்தக் குரல். அதே அலுப்பு. அதே இழுப்பு.

"எலிக்குட்டீ!"

குட்டிக் கால்கள் ஓடின. சிரிப்பு.

"யாரு வந்திருக்கா? நேரா சொல்லு!" என்று செல்லில் கத்தினான்.

பிறகு, முன்பின் தெரியாதவனிடம் பேசும் குரலில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர். பாப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறார். நீங்க யாரு பேசறது?"