ஜெசிந்தாவின் நாற்பது விநாடிகள்

திரையில் தளபதி நெஞ்சில் குண்டு வாங்கிச் சாய்ந்துகொண்டிருந்தார். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், தலையில் மாட்டியிருந்த நெற்றிப்பட்டியைத் தளர்த்திவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னாள்:

"பாவம், இந்த மனுஷனுக்கு ஒண்ணுக்கு முட்டுது. இதைப் போய் வீரமரணம்னு இத்தனை வருஷம் பாத்து அழுதிருக்கோம்."

பக்கத்து நாற்காலிக்காரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைவாய் ஈறு வீங்கியிருந்தது. தவிர, அவள் ஜெசிந்தா பொன்னையா. இரண்டு முறை பொற்சுருள் விருது வாங்கிய ஹாலிவுட் நடிகை. வீரமரணத்துக்கு நேர்ந்த கதி அடுத்த மாதம் தனக்கும் நேரப்போகிறது என்ற கவலையில் இருந்தாள்.

"ஐயோ, நீங்க ஜெஸ் பொன்னையாதானே! அடுத்தது உங்க 'தெற்குத் துறைமுகம்' வருதாமே! அந்தக் கடைசிக் காட்சியைப் பாத்துட்டுத்தான் என் ரெண்டாவது புருஷனைக் கட்டிக்கணும்னு முடிவு பண்ணினேன்."

"முதல் புருஷன்?"

"அவரோட போய்த்தான் படம் பாத்தேன்."

அகமீட்பி என்ற கருவி வந்ததிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸில் எந்த நடிகருக்கும் நிம்மதி இல்லை. பழைய படச்சுருளை அதற்குள் செலுத்தினால் போதும். நடிப்பவரின் கண்மணி விரிவதையும், கழுத்து நரம்பு துடிப்பதையும், உதட்டோரம் நடுங்குவதையும் அளந்து, அந்த நொடியில் அவர் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று கணித்துவிடும். அந்த உணர்வை நெற்றிப்பட்டி அப்படியே பார்ப்பவரின் தலைக்குள் இறக்கும். உணர்வு மட்டும்தான் வரும். யார் மீது, எதற்காக என்பதெல்லாம் வராது. அதைப் பார்ப்பவர்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

ஜெசிந்தாவை அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசிக் காட்சிதான். கப்பல் விலகிப் போகிறது, துறைமுகத்தில் நிற்கும் பெண் காதலனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வசனம் இல்லை, வெட்டு இல்லை. நாற்பது விநாடிகள் அவள் முகம் மட்டும். நியூஜெர்சியில் நர்ஸ் தம்பதிக்குப் பிறந்து, ஏழு படங்களில் வரிசையாக டாக்டர் வேஷம் மட்டுமே கிடைத்து அலுத்துப்போயிருந்தவளை ஒரே இரவில் நட்சத்திரமாக்கிய முகம் அது.

அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது காதலனை அல்ல. காதலனாக நடித்தவன் தன் முகத்தை எடுக்கும் க்ளோசப் முடிந்ததும் விமானத்தைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டான். இப்படி நடப்பதுண்டு. எதிர் நடிகர் இல்லையென்றால் லென்ஸ் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுநாடாவை ஒட்டுவார்கள். நடிகை அதைப் பார்த்து உருகவேண்டும். பக்கத்தில் யாராவது நின்றுகொண்டு அவனுடைய வசனத்தைப் படிப்பார்கள். அன்று படிக்க அகப்பட்டவர் கிளாப் அடிக்கும் உதவியாளர், நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஞானதுரை.

பிற்பாடு அவர்தான் அவளுடைய கணவர்.

"உலகமே பாத்துச்சு மக்ளே, உங்க அம்மை என்னைப் பாத்த பார்வைய." இதை ஞானதுரை மகள் லீதியாவின் ஞானஸ்நானத்தில் சொன்னார். அவள் கல்யாணத்தில் சொன்னார். தங்கள் திருமண வெள்ளிவிழாவில் போதகர் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் அந்த நாற்பது விநாடிகளைச் சுவரில் ஓடவிட்டார். சொந்தக்காரர்கள் அழுவார்கள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொள்வாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அன்று லென்ஸுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. காலில் இறுக்கமான பூட்ஸ், மதியச் சாப்பாடு இல்லை, சூரியன் இறங்குகிறது, எதிர் நடிகன் ஓடிவிட்டான். அந்த நாற்பது விநாடிகளும் அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது எரிச்சல். வெறும் எரிச்சல். முதலில், இதை என்றாவது கணவரிடம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். பிறகு சொல்வதற்குக் காலம் கடந்துவிட்டது.

அந்தக் காட்சியை விட்டுவிடச் சொல்லி அகமீட்பி நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், முகம் உங்களுடையது. முகத்தின் படம் எங்களுடையது" என்று ஓர் இளைஞன் மிக மரியாதையாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் ஞானதுரை இரண்டு கண்டங்களுக்கு அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கேட்டியளா, முப்பத்தி நாலு வருசமா வாயால சொல்லிட்டு இருந்தேன். இனி அவனவன் மண்டையில மாட்டிப் பாத்துக்கிடட்டும்! ஆமா, முதல் காட்சி. ஃப்ளைட் ஏறி வாங்க."

"துரை, கொஞ்சம் போனை வைங்க."

"சித்தப்பா லைன்ல இருக்காரு."

"அந்த ஷாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"நீ சொல்லவே வேண்டாம் ஏட்டி. மெஷினே சொல்லிரும்." கண்ணடித்துவிட்டு மறுபடி போனுக்குப் போனார்.

தமிழில் பேசும்போது ஜெசிந்தா அவரை, தன் அம்மாவிடம் கற்றுக்கொண்டபடி 'நீங்க' என்பாள். பொறுமை போய்விட்டால் 'நீ' ஆகிவிடும். அந்த மாதம் முழுக்க 'நீ'தான். லீதியாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரே வார்த்தை, சொல்லிடும்மா" என்றாள் லீதியா.

"என்னன்னு? முப்பத்தி நாலு வருஷமா நீ பெருமைப்பட்டது ஒரு மஞ்சள் டேப்பைப் பாத்த பார்வைக்குன்னா? அந்த மனுஷன் சாப்பிடமாட்டாருடி. எனக்குக் காதலே வரலைன்னா சொல்றேன்? வந்துச்சு. அப்புறமா வந்துச்சு. கேமரா இல்லாத இடத்துல வந்துச்சு."

"அதைச் சொல்லேன்."

"அதைச் சொல்ல விட்டாத்தானே!"

முதல் காட்சியன்று அரங்கில் முன் இரண்டு வரிசைகள் முழுக்க நாகர்கோவில். ஞானதுரை கோட்டு அணிந்து, நெற்றிப்பட்டியைக் கிரீடம் மாதிரிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா நெற்றிப்பட்டி போடவில்லை. அவளுக்கு எதற்கு? அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

கப்பல் விலகியது. துறைமுகத்துப் பெண்ணின் முகம் திரையை நிறைத்தது.

அரங்கில் அத்தனை நெற்றிகளும் ஒரே நேரத்தில் சுருங்கின. பல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பூட்ஸ் இறுக்கம் எல்லார் காலிலும் ஏறியிருக்கவேண்டும், பலர் செருப்பைக் கழற்றினார்கள். ஞானதுரையின் புருவம் நெரிந்தது. வாய் கோணியது. அவர் கை அவள் கைக்குள் விறைத்துப் போனது.

முடிந்தது, என்று நினைத்துக்கொண்டாள் ஜெசிந்தா.

பின்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்தாள். "அடக் கடவுளே, இது நான் என் ஜெரால்டைப் பாக்கறப்ப வர்றதுதான்!" என்று கத்தினாள். இன்னொருத்தி சிரித்தாள். ஒரு கிழவர் எழுந்து நின்று கைதட்டினார். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆனவர்கள் ஒவ்வொருவராக அந்த உணர்வை அடையாளம் கண்டுகொண்டார்கள். அது அவர்கள் வீட்டிலேயே, சமையலறையிலேயே தினமும் புழங்கும் உணர்வு.

ஞானதுரை மெதுவாகத் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"ஏட்டி, இது நான் தப்புத் தப்பா வசனம் படிச்சதுக்குத்தான?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"என்னைத் தெரியக்கூடத் தெரியாத அன்னைக்கே, பொண்டாட்டிக்கு வர்ற எரிச்சல் உனக்கு என் மேல வந்திருக்கு பாத்தியா! சும்மா காதலுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். நீ அன்னைக்கே குடும்பம் நடத்திட்ட."

மஞ்சள் டேப் என்ற வார்த்தை அவள் நாக்குவரை வந்தது. சித்தப்பா வந்து அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

அதற்குப்பின் நடந்தது ஜெசிந்தாவின் பொறுமையை ஒரேயடியாகச் சோதித்தது. உண்மையான காதலின் அடையாளம் எரிச்சல்தான் என்று உலகம் முடிவு கட்டியது. அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். திருமண மையங்கள் 'எரிச்சல் பொருத்தம்' பார்த்துத் தந்தன. மற்ற நடிகைகளின் காதல் காட்சிகளில் இனிமையும் இன்பமும் வந்தபோது, மேலோட்டமானது என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நிறுவனம் சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஒன்று என்று அகமானி விற்கத் தொடங்கியது. வெப்பமானி மாதிரிச் சிறிய தட்டு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து உணர்வின் பெயரையும் அளவையும் காட்டும். முதல் அகமானியை நன்றியோடு ஜெசிந்தா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஞானதுரை அதைச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"காட்டு பாப்போம்" என்று அவளைப் பார்த்தார்.

அவள் அப்போதுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்: இந்த மனுஷன் உடைந்துபோய்விடுவாரோ என்று ஒரு மாதம் பயந்தேன், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே. தட்டில் எழுத்து வந்தது. கனிவு. எண்பத்தொன்று.

ஞானதுரையின் சிரிப்பு நின்றது.

"கனிவா?"

"நல்லதுதானே?"

"அந்த ஜெரால்டு பொண்டாட்டிக்கு எரிச்சல் தொண்ணூறாம், டி.வி.யில காட்டினான். எனக்குக் கனிவா? சீக்காளியப் பாத்தா வர்றதுல்லா இது?"

அடுத்த நாளிலிருந்து அவர் எரிச்சல் மூட்ட முயற்சி செய்தார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். அவள் போனில் பேசும்போது உரக்கக் கீர்த்தனை பாடினார். அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து ஃப்ரிட்ஜில் மீன்குழம்புச் சட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதவோரம் நின்று எட்டிப்பார்த்தார். அறுபத்தைந்து வயது மனிதர் தன் மனைவியின் எரிச்சலுக்காக இப்படி ஏங்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வரும்? கனிவு எண்பத்தைந்து. கனிவு எண்பத்தொன்பது. ஏறிக்கொண்டே போனது.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். லீதியா போன் பண்ணினால் "என்னமோ இருக்கேன் மக்ளே" என்றார். ஜெசிந்தா எதற்குப் பயந்தாளோ அது கடைசியில் வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தது.

இதற்கு நடிப்பு ஒன்றுதான் வழி என்று தீர்மானித்தாள். இரண்டு விருது வாங்கியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? மறுநாள் காலை ஈரத் துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வீசினாள். "அறிவிருக்கா உனக்கு?" என்று வீடு அதிரக் கத்தினாள். மூக்கு விடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. எந்த இயக்குநரும் ஒரே டேக்கில் சரி சொல்லியிருப்பார்.

ஞானதுரை தட்டைப் பார்த்தார். கனிவு. தொண்ணூற்றிரண்டு.

"நடிக்காத ஜெஸ்" என்றார் மெல்லிய குரலில். முப்பத்து நான்கு வருடங்களில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அன்னைக்கு எனக்கு வந்த எரிச்சல் உங்க மேல இல்லை. ஓடிப்போன ஹீரோ மேல, பூட்ஸ் மேல, பசி மேல. நீங்க அங்க நின்னதே எனக்குத் தெரியாது. நான் பாத்தது லென்ஸ்ல ஒட்டியிருந்த டேப்பை."

அவள் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"பதினோரு மாசம் கழிச்சு, மளிகைக்கடை வாசல்ல கார் நிறுத்தற இடத்துல, தள்ளுவண்டி ஒண்ணு சக்கரம் சிக்கி நின்னுச்சு. நம்ம வண்டிகூட இல்லை, யாரோ ஒரு கிழவியோடது. நீங்க தரையில முட்டி போட்டு அந்தச் சக்கரத்துக்கிட்ட நாகர்கோவில் தமிழ்ல நியாயம் கேட்டுட்டிருந்தீங்க. மழை வேற. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இந்த ஆளை விட்டுட்டு வீட்டுக்குப் போகமுடியாதுன்னு. அதை யாரும் படம் எடுக்கலை. நான் ஒருத்திதான் பாத்தேன். அதுதான் துரை. அதுதான்..."

நிறுத்தினாள். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதைச் சொல்லி முடித்ததில் அவளுக்குக் கண் கலங்கியது.

ஞானதுரை அவளைப் பார்க்கவில்லை. குனிந்து உப்பு ஜாடியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு என்ன சொல்கிறது என்று.

"என்னைப் பாரு!" என்றாள் ஜெசிந்தா. "வாழ்க்கையிலேயே முதல் தடவை உண்மையைச் சொல்லிட்டிருக்கேன், நீ அந்தத் தட்டையா பாக்கறே? தூக்கிப் போடு அதை! என் முகம் இங்க இருக்குய்யா!"

தட்டு மினுக்கியது. எண் மாறியது. எரிச்சல். தொண்ணூற்றேழு.

ஞானதுரை எழுந்தே விட்டார்.

"வந்துட்டு!" என்றார். "ஜெரால்டு தொண்ணூறுதான் ஏட்டி! தொண்ணூத்தி ஏழு!"

"துரை, அந்த மளிகைக்கடை..."

"மளிகைக்கடையாவது ஒண்ணாவது. எனக்கு ஆறுதல் சொல்லக் கதை கட்டின பாரு, உன் மனசு யாருக்கு வரும்! இனி எதுக்குக் கதை? இந்தா, மெஷினே சொல்லிட்டுல்லா."

போனை எடுத்து லீதியாவை அழைத்தார். அகமானியை இரண்டு கைகளாலும் தூக்கி, எண் மாறிவிடுவதற்குள் காட்டவேண்டும் என்று கேமராவுக்கு நேராகப் பிடித்தார். உலகம் வரிசையில் நின்று பார்த்த முகம் மேசைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் அழுதுகொண்டிருந்தது. தட்டில் தொண்ணூற்றெட்டு ஆயிற்று.