ஏழாம் நம்பர் கேட்ட மெஷின்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளைப் பார்த்தும் "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஏறிவிடுமாம். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டால்கூட என் அத்தா "பரவால்லே" என்றுதான் சொல்வார். பிரியாணிக்கு யாரும் விலை கேட்கப் போவதில்லை. ஆனாலும் பழக்கம் விடாதே!

அத்தாவின் பெயர் நசருல்லா. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் காயலாங்கடை வைத்திருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதாவது கம்பெனியை மூடினால், அங்கே மிச்சமிருக்கும் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்பார். முன்பெல்லாம் கம்பெனி வாசலில் கூட்டம் கூடி, தொண்டை கிழியக் கத்தி ஏலம் கேட்பார்களாம். இப்போது எல்லாம் செல்போனில் நடக்கிறது. யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. பெயருக்குப் பதில் ஆளுக்கொரு நம்பர் காட்டும், அவ்வளவுதான்.

அத்தாவுக்கு விரல் தடிமன். ஒருமுறை ஆறாயிரம் அடிக்கப் போய் அறுபதாயிரம் அடித்துவிட்டார். அன்றிலிருந்து பட்டன் அழுத்துவது என் வேலை. நான் அவர் மகள் மஹீன், ஆறாம் வகுப்பு.

"மொதல்லயே கேக்கறவன் ஏமாளி," என்பார் அத்தா. "நீ கேட்டதும் அடுத்தவனுக்கு என்னா தெரியும்? இதுக்கு ஒரு ஆளு இருக்குதுன்னு தெரியும். அதனால வாயை மூடிக்கினு இரு. கடைசி மூணு நொடியில கேளு. அவன் முழிச்சிப் பாக்கறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடணும்."

சில ஏலங்களில் கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால், இன்னும் ஐந்து நிமிடம் தானாகக் கூடும். அங்கே இந்த வித்தை பலிக்காது. நேரம் கூடாத ஏலங்கள்தான் அத்தாவுக்குப் பிடிக்கும். அங்கே நான் தோற்றதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாதம் ஒரு தையல் கம்பெனியை மூடினார்கள். அங்கிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. அதில் ஒன்று பார்க்கவே கோணலாக இருந்தது. பெடலை வலது ஓரத்துக்குத் தள்ளி, மேலே ஒரு இரும்புக் கட்டையை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள்.

"இதை எவன் மிதிப்பான்? தள்ளு, அடுத்ததைப் பாப்போம்," என்றார் அத்தா.

ஆனால் அந்தக் கோணல் மெஷினுக்குக் காலையிலிருந்தே ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர். நாலாயிரத்தில் ஆரம்பித்தார். வேறு யாராவது நூறு ரூபாய் ஏற்றினால், அடுத்த நிமிடமே அவரும் நூறு ஏற்றினார். ஐயாயிரம் ஆனது. ஆறாயிரம் ஆனது. ஏழாம் நம்பர் விடவே இல்லை.

அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மஹீன், ஒருத்தன் இவ்ளோ பிடிவாதமா கேக்கறான்னா என்னா அர்த்தம்?"

"ஏமாளின்னு அர்த்தம்."

"இல்லம்மா. உள்ளே என்னமோ இருக்குது. வெளிநாட்டு மோட்டாரா இருக்கும். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது, நமக்குத் தெரியலே. எடுத்துடு!"

நாலு மணிக்கு ஏலம் முடிய வேண்டும், நேரம் கூடாது. ஏழாம் நம்பர் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றார். நான் எட்டாயிரம் என்று அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து. நான்கு. மூன்று. அழுத்தினேன்.

ஏலம் முடிந்தது. மெஷின் எங்களுக்கு.

"எம்பொண்ணு!" என்று அத்தா என் தலையைத் தட்டினார்.

திங்கட்கிழமை விடிந்ததுமே மெஷின் வந்து இறங்கியது. அத்தாவே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து அதைப் பிரித்தார். மோட்டாரைத் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். சாதாரண மோட்டார்தான். உள்ளே ஒரு நூல் உருண்டை கிடந்தது. அதுவும் சிக்கலாக இருந்தது.

"அப்ப அந்த ஏழாம் நம்பர் எதுக்குத்தான் கேட்டான்?" என்று அத்தா தலையைச் சொறிந்தார்.

அதற்கான பதில் அன்று பள்ளியில், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

ரூபா என் பெஞ்சுக்காரி. அன்று அவள் மதியச் சாப்பாட்டை மூடியே வைத்திருந்தாள்.

"ஏண்டி, கத்திரிக்காயா?"

"இல்லே. எங்கம்மா மெஷின் போயிடுச்சு."

ரூபாவின் அம்மா பெயர் நிர்மலா. அந்தத் தையல் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை செய்தவர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சரியாக ஊன்ற வராது. வலது காலால் மட்டும் மிதிக்கும்படி, கம்பெனி மெக்கானிக் ராஜசேகர் பெடலை மாற்றிக் கொடுத்திருந்தாராம். கம்பெனி மூடியதும் அந்த மெஷினை வாங்கி வீட்டிலேயே தைக்கலாம் என்று இருந்தார்கள்.

நான் என் டிபன் பாக்ஸை மூடினேன்.

"நானும் அம்மாவும் காலையிலேர்ந்து போனை வச்சிக்கினே இருந்தோம்," என்றாள் ரூபா. "கடைசி நொடியில எவனோ நூறு ரூபா ஜாஸ்தி கேட்டுட்டான். எங்ககிட்ட எட்டாயிரத்து ஐந்நூறு இருந்துச்சு மஹீன். பணம் இருந்துச்சு. கேக்கறதுக்கு நேரம்தான் இல்லே."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அத்தா, அந்தக் கோணல் மெஷினே வேணும்னு யாராவது வந்தா?"

அத்தாவின் கண் பளபளத்தது. "யாரு? வர்றாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"வந்தா ஒன்பதாயிரம். ஒரு பைசா குறைய மாட்டேன். இதுதான் வேணும்னு வர்றவங்ககிட்ட விட்டுட்டா அப்புறம் யாருகிட்ட சம்பாதிக்கறது?"

"யாரும் வரலேன்னா?"

"அப்ப அது வெறும் இரும்பு. என்னா வந்தாலும் லாபம்."

எனக்கு அத்தாவைப் பிடிக்கும். ஆனால் அன்று அவர் கொடுத்த வாழைக்காய்ச் சிப்ஸ் பிடிக்கவில்லை.

மறுநாள் ரூபாவிடம் உண்மையைச் சொன்னேன். "அந்த எவனோ நான்தான்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காயலாங்கடைக்காரங்களுக்கு மெஷினு எதுக்குடி? உடைக்கறதுக்கா?" என்றாள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் ஓடியது. மெஷினைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெடலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெடலை மாற்ற ஆயிரத்து ஐந்நூறு ஆகுமாம். "இனி இதுக்கு ஒத்த ரூபா போட மாட்டேன்," என்றார் அத்தா. நிர்மலா ஆன்ட்டி ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக வகுப்பில் பேசிக்கொண்டார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம்.

ஒருநாள் அத்தா சலித்துப்போய்ச் சொன்னார். "மஹீன், அந்தச் சனியனைப் படம் எடுத்துச் செல்போன்ல ஏலத்துக்குப் போடு. மூவாயிரத்துல ஆரம்பி. வந்தது வரட்டும்."

நான் முதல் படமாகப் பெடலைத்தான் போட்டேன், வெல்டிங் பளிச்சென்று தெரியும்படி.

"அதை ஏம்மா முன்னாடி போட்டே? பாக்கறவன் ஓடிடுவான்!"

"மறைச்சா, வாங்கினப்புறம் வந்து சண்டை போடுவாங்க அத்தா."

"அதுவும் சரிதான்," என்றார். ஏலம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு முடியும். இதிலும் கடைசியில் நேரம் கூடாது.

சனிக்கிழமை நான் ரூபாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ரூபா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நிர்மலா ஆன்ட்டி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆன்ட்டி," என்றேன்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் உங்கப்பா விட்டிருப்பாரா?"

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மெஷின் மறுபடியும் ஏலத்துக்கு வருகிறது.

"இப்ப எங்ககிட்ட எட்டாயிரத்து ஐந்நூறு இல்லியே. வாடகை குடுத்தது போக நாலாயிரத்துச் சொச்சம்தான் இருக்குது," என்றார் ஆன்ட்டி. "பேசாம உங்கப்பாகிட்டயே கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேட்டா ஒன்பதாயிரம். நீங்க வேணும்னு சொல்லவே கூடாது ஆன்ட்டி. அஞ்சு மணி வரைக்கும் தொடவே தொடாதீங்க. நாலாயிரத்து நூத்து முப்பதுன்னு அடிச்சு வச்சுக்குங்க. மூணு நொடி இருக்கறப்ப அழுத்துங்க. ஒரு நொடி வரைக்கும் விட்டீங்கன்னா நெட்வொர்க் கவுத்துடும்."

"அது என்னா நூத்து முப்பது?" என்று உள்ளேயிருந்து ரூபாவின் குரல் வந்தது. ஆளைக் காணோம்.

"எல்லாரும் நாலாயிரம், நாலாயிரத்து நூறுன்னு ரவுண்டாத்தான் நிறுத்துவாங்க. முப்பது ரூபா தள்ளி நின்னா அவங்க தலை மேல நிக்கலாம்."

உள்ளே பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

ஞாயிறு மாலை அத்தா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் விற்பவர்கள். எனக்கு அழுத்த ஒரு பட்டனும் இல்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

விற்பவர்களுக்கு, கேட்பவரின் நம்பரோடு ஊரும் காட்டும். அத்திப்பள்ளிப் பக்கம் யாரோ ஒரு வியாபாரி மூவாயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தார். மோட்டாரை மட்டும் கழற்றிக்கொள்வாராக இருக்கும். வேறு யாரும் இல்லை.

"பாத்தியா, நல்லவேளை. ஒரு ஏமாளியாவது சிக்கினான்," என்றார் அத்தா.

பத்து நொடி இருக்கும்போது யாரோ புதிதாக ஒருவர் மூவாயிரத்து எண்ணூறு கேட்டார். ஐந்து நொடி இருக்கும்போது அத்திப்பள்ளிக்காரர் பாய்ந்தார். நாலாயிரத்து நூறு!

நான்கு.

ரூபா, அழுத்து.

மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு. திரை ஒருமுறை துடித்தது. நாலாயிரத்து நூற்று முப்பது. ஏலம் முடிந்தது.

"முப்பதா?" என்றார் அத்தா. "எவனோ விவரமானவன்!"

மறுநாள் பள்ளி விட்டதும் நான் கடைக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. நிர்மலா ஆன்ட்டி, ரூபா, மெக்கானிக் ராஜசேகர் மூவரும் இறங்கினார்கள்.

"ஓட்டிப் பாத்துக்கறேன் பாய்," என்றார் ஆன்ட்டி. ஸ்டூலை இழுத்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இடது காலை ஓரமாக மடக்கி வைத்தார். வலது காலை இரும்புக் கட்டை மேல் வைத்து அழுத்தினார். மெஷின் கிர்ரென்று ஓடியது. ஒரு கிழிந்த சாக்கை நேர்க்கோட்டில் தைத்துவிட்டு நின்றது.

அத்தா அந்தக் காலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர் நீங்கதானா?"

"ஆமாங்க."

"அப்ப உள்ளே என்னாதாம்மா இருந்துச்சு?"

"உள்ளே ஒண்ணுமில்லே பாய். வெளியே பெடல்தான்."

அத்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் வேண்டிக்கொண்டேன். 'பணம் வேண்டாம், எடுத்துக்கினு போங்கம்மா' என்று அவர் சொல்லட்டும். கதையில் வரும் அப்பாக்கள் அப்படித்தானே சொல்வார்கள்?

"ஏத்துக்கூலி இருநூறு ரூபா," என்றார் என் அத்தா.

ரூபா என்னைப் பார்த்தாள். 'இதுதானே உங்க ஆளு' என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"இருநூறா?" என்றேன் சத்தமாக. "நம்ம கடை ஆளுங்க சின்னராஜண்ணனும் கந்தண்ணனும் ரெண்டு நிமிஷத்துல ஏத்திடுவாங்க. முப்பது ரூபா."

"நீ யாரு பக்கம்டி?"

"வாங்கறவங்க பக்கம். முப்பது."

"நூத்தம்பது."

"அந்தப் பெடலைப் பாத்துட்டு உங்க கடையில எத்தனை பேரு சிரிச்சாங்கன்னு சொல்லட்டுமா? முப்பது."

கந்தண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அத்தாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"ஐம்பது குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க," என்றார். பிறகு மேஜை மேலிருந்த செல்போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளையிலேர்ந்து உன் அண்ணன் தப்ரேஸ் அழுத்தட்டும். உனக்கு இங்க வேலை இல்லே."

தப்ரேஸ் அண்ணன் பத்து நொடி இருக்கும்போதே அவசரப்பட்டு அழுத்திவிடுவார். அத்தாவுக்கும் அது தெரியும்.

மெஷினை ஆட்டோவில் ஏற்றினார்கள். நிர்மலா ஆன்ட்டி ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டார். ரூபா பின்னால் மெஷினோடு ஒடுங்கி உட்கார்ந்தாள்.

ஆட்டோ கிளம்பியது. நான் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரூபா கை அசைக்கவில்லை. ஆட்டோ குலுங்கும்போது விழாமல் இருக்க, இரண்டு கைகளாலும் மெஷினைக் கட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு கைகளும் அதில் இருந்தால் அவள் எதை அசைப்பாள்?