போயிட்டு வர்றோம்

அந்த மண்டபத்தில் எதைக் கத்தினாலும் திரும்பி வந்தது. ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை.

பெரியவள்தான் அதைக் கவனித்தாள். அவளால் கத்த முடியாததால் காது மட்டும் சும்மா இருந்தது. விமானத்தில் வாங்கிய குளிர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பாலைவன தேசத்தில் இறங்கிய நாள் முதல் குரல் அடைத்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் காற்று வரும், சத்தம் வராது.

"நல்லதாப் போச்சு. டூர் முழுக்க எனக்கு நிம்மதி" என்றாள் தங்கை. வீட்டில் அவள் சின்னவள், இவள் பெரியவள். ஒரே கல்லூரி, ஒரே வரலாற்றுத் துறை. அக்கா முதுகலை முடிக்கப்போகிறாள், தங்கை இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். துறையில் டூர் என்றதும், "அக்கா போனா நானும் போவேன்" என்று சாப்பிடாமல் கிடந்து காரியத்தைச் சாதித்தவள்.

மண்ணுக்குள் பாதி புதைந்த ஊர் அது. தெருக்கள், கிணற்று வாய்கள், கூரை இல்லாத வீடுகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் குன்றைக் குடைந்து செய்த அந்த மண்டபம். அதன் பின்சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கல் முகம். காற்று தின்றதில் கண் போய், மூக்கு போய், வாய் மட்டும் மிச்சம். திறந்த வாய். உள்ளே கும்மிருட்டு. மழையே பார்க்காத அந்த இடத்தில், அந்த வாயிலிருந்து மட்டும் ஈர மண் வாசனை வந்துகொண்டிருந்தது.

"தூர தேசத்துக்குச் சண்டைக்குப் போகும் வீரர்களிடம் இங்கேதான் சத்தியம் வாங்குவார்கள்" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒப்பித்தார் வழிகாட்டி. தலைத்துணிக்குள் சிரித்த முகம் அவருக்கு. "திரும்பி வருவேன் என்று சொல்ல வேண்டும். வெறும் பேச்சு என்றால் எதிரொலிக்கும். சத்தியம் என்றால் எதிரொலிக்காது. முகம் அதை வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து நம்பிக்கை. நீங்கள் கத்திப் பாருங்கள், பயமில்லை."

சொல்ல வேண்டுமா? இந்தக் கும்பலுக்கு மைக் என்றே ஒருத்தன் இருந்தான். வாயை மூடவே மாட்டான் என்பதால் வந்த பெயர்.

"புரொபசர் ஒரு தூங்குமூஞ்சி!" என்று கத்தினான்.

தூங்குமூஞ்சி... மூஞ்சி... மூஞ்சி... என்றது மண்டபம்.

"இன்டர்னல் மார்க் என் கையிலதான்டா இருக்கு" என்றார் புரொபசர். அதுவும் எதிரொலித்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் திரும்பி வந்தது, கொஞ்சம் தாமதமாக.

வெளியே வானம் செம்மண் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து வழிகாட்டி அவசரப்படுத்தினார். புழுதிப் புயல் வருகிறது, கிளம்புங்கள் என்றார். வாசலில் சின்னவள் திரும்பி நின்று அந்த முகத்துக்குக் கை ஆட்டினாள்.

"போயிட்டு வர்றோம்! எங்க அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அவளுக்கும் சேர்த்து நானே சொல்றேன்! போயிட்டு வர்றோம்!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைக், அவன் பின்னால் நின்றவர்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு புரொபசர்கூட. "போயிட்டு வர்றோம்!"

எதிரொலி இல்லை.

கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல நின்றாள் பெரியவள். ஈர மண் வாசனை சட்டென்று நின்றுபோனது. சின்னவளின் நெற்றியில் தொங்கிய முடி, காற்றே இல்லாத இடத்தில், மெதுவாக எழுந்து அந்த வாய்ப் பக்கம் நீண்டது. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல.

"என்ன சொன்னீர்கள்? அதற்கு என்ன அர்த்தம்?" என்றார் வழிகாட்டி. முகத்தில் சிரிப்பு இல்லை.

சின்னவள் உற்சாகமாக விளக்கினாள். எங்கள் மொழியில் விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், அது நல்ல வார்த்தை இல்லை, போனால் போனதுதான் என்று ஆகிவிடும், அதனால் போய்விட்டுத் திரும்பி வருவோம் என்றுதான் சொல்வோம் என்றாள்.

அவர் முகம் வெளிறிப்போனது. "எல்லோருமா சொன்னீர்கள்?"

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸை நோக்கி ஓடினார், டிரைவரை அதட்டிக்கொண்டே.

பஸ் கிளம்பிய வேகத்தில் பைகள் உருண்டன. ஜன்னல் கண்ணாடிகளில் மணல் கைப்பிடி கைப்பிடியாக வந்து அறைந்தது. பெரியவள் தங்கையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து கிளம்பிய அன்று வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "சரிம்மா, நான் போறேன்" என்று சின்னவள் சொன்னதும், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "போறேன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போயிட்டு வர்றேன்னு சொல்லு." அப்புறம் பெரியவளைப் பார்த்து, "ஒண்ணா போறீங்க, ஒண்ணா வரணும். இவ எங்கேயாவது தனியா சுத்தினா காலை ஒடச்சு உட்கார வெச்சிடு, நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

பஸ்ஸுக்குள் ரொம்ப அமைதியாக இருந்தது.

அதுதான் முதலில் உறைத்தது. மைக் பேசவில்லை. யாருமே பேசவில்லை. இன்ஜின் இரைச்சலுக்கும் மணல் அறையும் சத்தத்துக்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. டக். டக். டக். சீரான சத்தம். எங்கோ ஒரு போல்ட் கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ஷூக்கள். இருக்கைக்கு இருக்கை, வரிசைக்கு வரிசை, உட்கார்ந்த இடத்திலேயே எல்லோருடைய கால்களும் நடந்துகொண்டிருந்தன. இடது, வலது, இடது. ஒரே தாளம். புரொபசரின் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. மைக்கின் அழுக்கு கேன்வாஸ்.

சின்னவளின் கால்களும்.

"என்னடி பண்றே?" காற்றாகத்தான் வந்தது கேள்வி.

"தெரியலக்கா." சின்னவளின் உதடு கோணியது. "தானா போகுது. நிறுத்த முடியல."

முழங்காலைப் பிடித்து அழுத்தினாள் பெரியவள். தொடை முறுக்கிய கயிறு மாதிரி இருந்தது. அழுத்திய கையையும் தூக்கிக்கொண்டு கால் நடந்தது.

முன்னால் வழிகாட்டி டிரைவரிடம் ஏதோ கெஞ்சினார். டிரைவர் கையை விரித்தார். கண்ணாடிக்கு அப்பால் சாலை இல்லை, வானம் இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு சுவர்தான் இருந்தது. பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் இருட்டிவிட்டது. டிரைவர் பஸ்ஸை ஓரமாக ஒதுக்கி இன்ஜினை அணைத்தார்.

டக் டக் சத்தமும் நின்றது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"சார்?" என்றான் மைக், அழுகிற குரலில். "சார், நான் எழுந்திருக்கல. சத்தியமா நான் எழுந்திருக்கல."

நடந்துபோய்க் கதவைத் தள்ளினான். பூட்டியிருந்தது. டிரைவர் குறுக்கே கை நீட்டினார். ஊசி போட்டால்கூட மயங்கி விழுகிற மைக், டிரைவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டீயரிங்கில் மோதினான். "சாரிண்ணே." மறுபடி மோதினான். "சாரி. விடுங்கண்ணே. சாரி." ஹாரன் விட்டுவிட்டு அலறியது. மைக்கின் கன்னமெல்லாம் கண்ணீர். கை மட்டும் நிற்கவில்லை. பல் ஒன்று டேஷ்போர்டில் தெறித்து உருண்டது. பிறகு ஹாரன் நிற்காமல் அலறியது, அதன் மேல் கிடந்த தலை அசையாததால்.

பக்கத்து ஜன்னலில் புரொபசர் தன் நெற்றியால் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார். நிதானமாக. ஆணி அடிப்பது போல. உடைந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, தோளை விட்டு, உடம்பை இழுத்தார். கண்ணாடி நுனிகளில் சட்டை தங்கியது. சட்டையோடு தோலும். "ஐயோ, யாராவது என் காலைப் பிடிங்கப்பா" என்று கதறிக்கொண்டே வெளியே விழுந்து, எழுந்து, வந்த திசையில் நடந்தார்.

நடைபாதையில் வழிகாட்டி கையை விரித்து நின்றார். அவர் மேல் ஏறிப் போனார்கள். தள்ளவில்லை, அடிக்கவில்லை, அவர் அங்கே இல்லாதது போல நடந்தார்கள். முதல் ஆளுக்குச் சரிந்தார். அடுத்தவன் நெஞ்சில் மிதித்தான். அதற்கடுத்தவளும். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே மிதித்தார்கள். சுள்ளி ஒடிவது போல விலா எலும்புகள் ஒடிவதைப் பெரியவள் கேட்டாள்.

கதவு பிய்ந்தது. மணல் உள்ளே பாய்ந்தது.

"அக்கா, பிடி! என்னை விடாதே!"

இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தாள் பெரியவள். சின்னவளின் வாய் 'பிடி பிடி' என்றது. அவள் கைகளோ அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. மோதிர விரலைப் பின்னால் வளைத்தன. இன்னும் வளைத்தன.

டப்.

"வலிக்குதாக்கா? நான் இல்லக்கா. நான் பண்ணலக்கா."

பஸ்ஸில் இவர்களைத் தவிர நிற்கிறவர் யாரும் இல்லை. பெரியவள் தங்கையை இழுத்தாள், தங்கையின் கால்கள் பெரியவளை இழுத்தன. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் விழுந்தார்கள். இருக்கைக்கு அடியில் வீல் ஸ்பானர் கிடந்தது. முழங்கை நீளத்துக்கு இரும்பு.

சின்னவள் அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அம்மா சொன்னாளே" என்றாள். பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. "ஒடச்சிடுக்கா. கால் இருந்தாத்தானே போகும்? ஒடச்சிடு."

பெரியவள் ஸ்பானரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். சரியாகப் படவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு அடித்தாள். கணுக்காலுக்கு மேலே. அந்தச் சத்தம். அந்த அலறல். கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. இன்னொரு கால் படியைத் தேடியது. அதையும் அடித்தாள்.

சின்னவள் விழுந்தாள். பெரியவள் ஸ்பானரைக் கீழே போட்டாள். முடிந்தது.

முடியவில்லை.

முழங்கைகள். ஒன்று மாற்றி ஒன்று. தரையில் ஊன்றி, உடைந்த கால்களை இழுத்துக்கொண்டு, படியை நோக்கி. "அக்கா, இன்னும் போகுதுக்கா. எங்கே அடிப்பே இனிமே?"

பின்னாலிருந்து கொப்புளிக்கிற சத்தம் கேட்டது. வழிகாட்டி. வாயெல்லாம் ரத்த நுரை. "அந்த வார்த்தை" என்றார். "திருப்பி எடுக்கச் சொல். அதற்கு மாற்று வார்த்தை... உங்கள் மொழியில்... அதைச் சொல்லட்டும்." அதற்கு மேல் நுரைதான் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

மாற்று வார்த்தை.

பெரியவள் தவழ்ந்துபோய்த் தங்கையின் தலையை மடியில் இழுத்து வைத்தாள். பாதி உடம்பு படியில், பாதி மணலில். முழங்கைகள் அப்போதும் சுரண்டிக்கொண்டிருந்தன.

"போறேன்னு சொல்லு" என்றாள் காதுக்குள்.

"அது கூடாதுக்கா. அம்மா திட்டுவா."

"சொல்லுடி!"

சின்னவள் மண்டபத் திசையைப் பார்த்தாள். குழந்தை மாதிரி விக்கினாள்.

"போறேன் அக்கா."

புயலுக்குள்ளிருந்து, ரொம்பத் தூரத்திலிருந்து, திரும்பி வந்தது. போறேன் அக்கா... அக்கா... அக்கா...

எதிரொலி! விட்டுவிட்டது!

முழங்கைகள் நின்றன. முறுக்கெல்லாம் தளர்ந்து உடம்பு இளகியது. பெரியவள் சத்தமில்லாமல் சிரித்தாள், அழுதாள், தங்கையின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். உப்பும் மணலும். "வீட்டுக்குப் போலாம். கட்டுப் போட்டுக்கலாம். ஒண்ணா போலாம்."

மடியில் கிடந்த தலை கனத்தது.

தங்கையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண்கள் திறந்திருந்தன. அவற்றின் மேல் மணல் துகள்கள் உட்கார்ந்திருந்தன, இமை தட்டவில்லை. உதடுகள் மெல்லப் பிரிந்தன. உள்ளேயிருந்து மணல் வழிந்தது. காய்ந்த, சுத்தமான மணல். வழிந்துகொண்டே இருந்தது, மடி நிறைய.

போயே போயிட்டாள்.

பெரியவள் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, புழுதி அடங்கியது. சாயங்கால வெளிச்சம் தெளிந்தது. தூரத்தில் வரிசையாக அவர்கள் நடந்துபோவது தெரிந்தது. புரொபசரின் முதுகு சிவப்பாக மின்னியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றில் ஈர மண் வாசனை வந்தது.

அதோடு ஒரு குரல். மண்டபம் அதுவரை வைத்திருந்த குரல். உற்சாகமாக, சிரிப்போடு, சின்னவளின் குரல்.

அவளுக்கும் சேர்த்து... சேர்த்து... சேர்த்து...

டக். டக்.

பெரியவள் தங்கையின் ஷூக்களைப் பார்த்தாள். அவை தொங்கிக்கொண்டிருந்தன, அசைவில்லாமல்.

டக். டக். டக்.

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

இத்தனை நாள் அடைத்துக் கிடந்த தொண்டை மதகு திறந்தது போலத் திறந்துகொண்டது. கணீரென்று, வானம் முழுக்கக் கேட்கும்படி, அவள் வாயிலிருந்து தங்கையின் குரல் பதில் சொன்னது.

"வர்றோம்!"

ஒண்ணா வரணும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எழுந்து நடக்கும்போது அவள் தங்கையின் கையை விடவில்லை. விரல் ஒடிந்த கையால் இறுகப் பிடித்திருந்தாள். மணலில் ஒரு பக்கம் காலடிகள் விழுந்துகொண்டே போயின. பக்கத்திலேயே, தலை இடிபட்டு இடிபட்டு, ஓர் உடம்பு இழுபடும் தடம், வாயிலிருந்து இன்னும் மணலைச் சிந்திக்கொண்டே.