ரத்தம் திரும்பும் நேரம்

போன் அலறியது!

ஆபரேஷன் தியேட்டரில், மயக்க டாக்டரின் டிராலி மேல் கிடந்த செல்போன். சர்ஜனுடையது. கையுறை மாட்டிய பிறகு அவர் போனைத் தொடக் கூடாது. மயக்க டாக்டரான அவள்தான் எடுத்துப் பேச வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

"காது செவிடா? எடும்மா!" திரைக்கு அந்தப் பக்கமிருந்து சர்ஜன் உறுமினார்.

எடுத்தாள்.

அவள் 'ஹலோ' சொல்லும் முன்பே, "இன்னுமா முடியல?" என்றது ஒரு பெண் குரல். கிசுகிசுப்பு. "ரத்தத்தைத் திருப்பி விட்டா இதயம் தானா நின்னுடும், எவனுக்கும் சந்தேகம் வராதுன்னு சொன்னீங்களே... எனக்குப் பயமா இருக்கு!"

மயக்க டாக்டருக்குக் குரல் பிடிபட்டது.

'என் புருஷனைக் காப்பாத்துங்க' என்று காலையில் அவள் கையைப் பிடித்துக் கதறிய அதே குரல்! மேஜையில் மார்பு திறந்து கிடப்பவரின் மனைவி. என்ன நடிப்பு!

சத்தமில்லாமல் போனைப் பக்கத்தில் நின்ற நர்ஸின் காதில் வைத்தாள். நர்ஸின் முகம் வெளுத்தது. மயக்க டாக்டர் கண்ணாலேயே கதவைக் காட்டினாள். நர்ஸ் நழுவினாள்.

"யாரு?"

"ராங் நம்பர் சார்."

இதயத்துக்கு ரத்தம் போகாமல் அடைத்திருந்த இடுக்கியை, அந்தக் கிளாம்ப்பை, எப்போதோ எடுத்திருக்க வேண்டும். சர்ஜனோ ஆமையாய் ஊர்ந்துகொண்டிருந்தார். ஏன் என்று இப்போது புரிந்தது. நெடுநேரம் பட்டினி கிடந்த இதயத்தில் திடீரென்று ரத்தம் பாய்ந்தால், அந்த ரத்தமே அதை அடித்து நொறுக்கும். ஐயா கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்!

"சார், கிளாம்ப் போட்டு ரொம்ப நேரமாச்சு..."

"மயக்கம்மா, நீ தூங்க வைக்கிற வேலைய மட்டும் பாரு!"

உதவி டாக்டர் இளித்தான்.

கத்தலாமா? கத்தினால், இதயத் தையலை முடிக்க வேறு ஆள் இல்லை. நோயாளி செத்துவிடுவார். இந்தப் பாவிதான் முடித்தாக வேண்டும்!

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க ஆவி.

'ஊசி மருந்தே போதும், உன் ஆவி வித்தையெல்லாம் வேணாம்' என்று சர்ஜன் காலையிலேயே எகத்தாளம் பேசியிருந்தார். தன் பக்கத்து வேலைக்கு அவள் யாரிடமும் உத்தரவு வாங்குவதில்லை. தலையாட்டிவிட்டு, கிளாம்ப் போடும் முன்பே ஆவியைத் திறந்துவிட்டாள். ரத்தம் திரும்பும்போது விழும் அடியைத் தாங்க, அது இதயத்தைத் தயார்படுத்தலாம். சத்தியம் செய்ய முடியாது... 'லாம்'தான்.

மகா மேதை திரைக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கௌரவக் குறைச்சலாயிற்றே!

"கிளாம்ப் எடுக்கறேன்." சர்ஜன் குரலில் போலிச் சோகம். "வீக் ஹார்ட்... எல்லாம் கடவுள் விட்ட வழி."

ரத்தம் பாய்ந்தது.

இதயம் நடுங்கியது... மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது...

"ஷாக் குடுங்க சார்!"

"பிரயோஜனமில்ல."

"குடுங்கன்னா குடுங்கய்யா!"

அவள் போட்ட சத்தத்தில் உதவி டாக்டரே கருவியைப் பாய்ந்து எடுத்து வைத்தான்.

ஒரு துள்ளல்... நிசப்தம்...

டப்! டப்! டப்!

இதயம் சீராக அடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி? இது நின்னிருக்கணுமே!" சர்ஜனின் வாய் உளறிவிட்டது.

மொத்த தியேட்டரும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

கதவு திறந்தது. நர்ஸ்!

"மேடம், போலீஸ் வந்தாச்சு. அந்தம்மா எல்லாத்தையும் கக்கிட்டாங்க. தான் ஒரு அப்பாவியாம்... திட்டம் முழுக்க சாரோடதாம்!"

சர்ஜன் மேஜையை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

மயக்க டாக்டர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மார்பை மூடறதை உதவி டாக்டர் பார்த்துப்பார் சார். நீங்க ரெண்டு கையையும் நீட்டுங்க. வெளில உங்களுக்கும் ஒரு கிளாம்ப் ரெடியா இருக்கு... அதை எடுக்க ஜட்ஜ் அவசரமே பட மாட்டார்!"